ஃபார்மல் ஹால் விருந்துக்குப் போகலாமா?

கேம்பிரிட்ஜில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் ‘ஃபார்மல் ஹால்’ என்ற இரவு விருந்தைப் பற்றி எழுதி, அதற்குக் கறுப்பு அங்கி வாங்கிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார்கள். அது கட்டாயமா? சைவம் மட்டுமே சாப்பிடுகிற, மது தொடாத ஒருத்திக்கு அங்கே என்ன வேலை? மேல்தட்டு மக்களின் பகட்டுக்கு உதவித்தொகையிலிருந்து பணம் எடுத்துச் செலவழிக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. சைவமும் மது தொடாமையும் இன்று ஒரு தடையே இல்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில், அங்கே நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் பாடமும் ஆய்வும் துறையில் நடக்கும். தங்குவது, சாப்பிடுவது, மற்றத் துறைக்காரர்களோடு பழகுவது எல்லாம் கல்லூரியில். அன்றாடச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம். ஃபார்மல் ஹால் அதே கூடத்தில், முறைப்படி நடக்கிற இரவு விருந்து. சில கல்லூரிகளில் வாரத்தில் பல நாள் உண்டு; சிலவற்றில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஏழு, ஏழரை மணிக்குக் கூடத்தின் வாசலில் கூட்டம் சேரும். உள்ளே நீளநீளமான மேசைகள், இருபுறமும் பெஞ்சுகள் அல்லது நாற்காலிகள், நடுவில் மெழுகுவத்திகள். நெருக்கமாகப் போட்ட பெஞ்சில் சுவர்ப் பக்கம் இடம் கிடைத்துவிட்டால் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். எல்லோரும் வந்தபின் மணி அடிக்கும். அனைவரும் எழுந்து நிற்க, ஃபெல்லோக்கள் எனப்படும் ஆசிரியர்கள் வரிசையாக வந்து கூடத்தின் கோடியில் மேடைமேல் குறுக்காகப் போட்டிருக்கும் மேசைக்குப் போவார்கள். அதுதான் ஹை டேபிள். பிறகு லத்தீனில் ஒரு பிரார்த்தனை. சில கல்லூரிகளில் அது ஒரு பத்தி நீளம் இருக்கும். பல இடங்களில் ‘பெனெடிக்டுஸ் பெனெடிகாட்’ என்று இரண்டே சொற்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். முதலில் சூப்போ சிறு பதார்த்தமோ, அடுத்து முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு, கொண்டுவந்து வைப்பார்கள். கரண்டிகளை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி எடுத்துக்கொண்டே வந்தால் குழப்பம் வராது. அங்கியின் கை அகலமானது. ரொட்டிக்காக எதிர்ப்பக்கம் கையை நீட்டும்போது அது நேராகச் சூப்பில் போய் விழும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிடுவீர்கள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் உங்கள் மூன்றாவது கேள்வியைச் சரியாக எடைபோட முடியும். கேம்பிரிட்ஜின் மிகப் பழைய கல்லூரியான பீட்டர்ஹவுஸ் 1284இல் தொடங்கியது. அதே நூற்றாண்டில் கட்டிய கூடத்தில்தான் அங்கே இன்றும் சாப்பிடுகிறார்கள். அந்தக் காலத்துக் கல்லூரி ஏறக்குறைய ஒரு மடம். ஒரே கூரை, ஒரே சமையல், ஒரே வேளையில் உணவு. துறவிகளின் மடங்களைப் போலவே, சாப்பிடும்போது ஒருவர் வேதாகமத்தை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உண்ணும் முறையும் இருந்தது. பகட்டு அதில் இல்லை. கூடிப் படிப்பவர்கள் கூடி உண்ண வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது.

பகட்டு பின்னால் வந்தது. பணம் படைத்த வீட்டுப் பிள்ளைகள் ‘ஃபெல்லோ காமனர்’ என்ற பெயரில் கூடுதல் கட்டணம் கட்டி ஆசிரியர்களோடு மேல் மேசையில் சாப்பிட்டார்கள். சாதாரணக் கட்டணம் கட்டியவர்கள் கீழே. அதற்கும் வழியில்லாதவர்கள் ‘சைசர்’ என்ற பெயரில் சேர்ந்து, மேசையில் பரிமாறி, எடுபிடி வேலை செய்து, மீந்ததைச் சாப்பிட்டுப் படித்தார்கள். 1661இல் டிரினிட்டி கல்லூரிக்கு வந்த ஐசக் நியூட்டன் சேர்ந்தது ‘சப்சைசர்’ என்ற கடைசிப் படியில். பந்தி வஞ்சனை என்று நம் ஊரில் எதைச் சொல்வோமோ அதையே விதியாக எழுதிவைத்திருந்த காலம் அது. பிற்காலத்தில் அதே கல்லூரியே நியூட்டனை ஃபெல்லோவாக்கி மேல் மேசையில் உட்காரவைத்தது உண்மைதான். ஆனால் ஒரு நியூட்டன் ஏறினார் என்பதால் அந்த ஏணி நல்ல ஏணி ஆகிவிடாது.

பெண்களின் கதை இன்னும் நீளம். கெர்ட்டன் 1869இலும் நியூன்ஹாம் 1871இலும் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழகம் அவர்களுக்கு முழுப் பட்டம் தர ஒத்துக்கொண்டது 1948இல்தான். ஆண்கள் கல்லூரிகளில் முதல் மூன்று, மாணவிகளைச் சேர்த்துக்கொண்டது 1972இல். கடைசியாக இறங்கிவந்த மாட்லின் கல்லூரி 1988இல்தான் கதவைத் திறந்தது. அப்போதும் மாணவர்களில் சிலர் கறுப்புப் பட்டை அணிந்து துக்கம் காத்தார்கள். உங்கள் பாட்டி வயதுள்ள ஒரு பெண் இளமையில் அங்கே மாணவியாகப் பந்தியில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே, ‘எண்ணூறு வருடப் பாரம்பரியம்’ என்று யாராவது பெருமை பேசினால், அதில் பெரும்பகுதி யாரை வெளியே நிறுத்திய பாரம்பரியம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் தெரிந்தபின்னும் போகச் சொல்வதற்கு ஒரே காரணம், பக்கத்து நாற்காலி. அங்கியையும் லத்தீனையும் மெழுகுவத்தியையும் எடுத்துவிட்டாலும் அது மிச்சமிருக்கும். முதுநிலை மாணவியாக உங்கள் உலகம் மிக விரைவில் சுருங்கிவிடும். ஆய்வகம், வழிகாட்டி, அதே நான்கைந்து முகங்கள், அதே பேச்சு. கூடத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் பழைய பாப்பிரஸ் சுவடிகளைப் படிக்கிறவர் இருப்பார், எதிரே பனிப்பாறைகள் உருகுவதை அளக்கிறவர். ஒன்றரை மணி நேரம் இருவரும் எங்கும் போக முடியாது. உங்கள் ஆய்வு என்ன என்று கேட்பார்கள். உங்கள் துறையின் சுருக்கச் சொற்கள் எதுவும் அவர்களிடம் செல்லுபடியாகாது. விளக்க முயலும்போதுதான் எந்த இடத்தில் நமக்கே தெளிவில்லை என்பது பிடிபடும். ஆய்வுக் கருத்தரங்குகளில் எனக்குக் கிடைக்காத கேள்விகள் கல்லூரி மேசையில் கிடைத்திருக்கின்றன. கேட்டவர்களில் ஒருவர் மத்தியகாலச் சட்ட வரலாறு படித்துக்கொண்டிருந்தவர்.

பழைய கல்லூரிகள் இந்தப் பயனை உணர்ந்தே சில பழக்கங்களை வகுத்திருக்கின்றன. பல ஹை டேபிள்களில் ஃபெல்லோக்கள் உள்ளே நடந்துவரும் வரிசைப்படியே இடங்களை நிரப்பிக்கொண்டு போவார்கள். நண்பர் பக்கத்தில் ஓடிப்போய் உட்கார முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் சாப்பாடு முடிந்து வேறு அறைக்குப் பழமும் போர்ட் ஒயினும் உண்ணப் போகும்போது, விருந்தில் பக்கத்தில் இருந்தவரை விட்டு வேறொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். போர்ட் குடுவை இடப்பக்கமாகவே கைமாறி வட்டமாகச் சுற்றிவரும். அங்குள்ள நியூ காலேஜில் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கும்போது கணப்பு அடுப்பின் இடைவெளியைக் குடுவை தாண்டுவதற்காகக் கப்பிகளில் ஓடும் ஒரு சிறு ‘ரயில்’ பொறியே வைத்திருக்கிறார்கள். யாருடைய சுற்றும் அறுந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை.

இந்த மேசை ஒரு தமிழருக்கு என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்பதற்கு வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரைவிடத் தெளிவான சான்று இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் டிரினிட்டிக்குப் போனவர், 1933இல் அங்கே ஃபெல்லோவானார். ராமானுஜனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அப்போது வயது 23 நிறையவில்லை. எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்ஸன் அப்போது கல்லூரித் தலைவர். அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு, வானியலாளர் எடிங்டன், கணிதவியலாளர் ஹார்டி, கவிஞர் ஹவுஸ்மன், தத்துவவாதி விட்கன்ஸ்டைன் ஆகியோரெல்லாம் அதே கல்லூரியின் ஃபெல்லோக்கள். 1933 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓர் இரவு உணவுக்குப் பின் நடந்த உரையாடலைச் சந்திரசேகர் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். ரூதர்ஃபோர்டைவிட ஐன்ஸ்டைனுக்கு ஏன் இவ்வளவு புகழ் என்று ஒருவர் கேட்க, ரூதர்ஃபோர்டு எடிங்டன் பக்கம் திரும்பி, அதற்கு நீர்தான் பொறுப்பு என்றாராம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல் ஒரு ஜெர்மன் விஞ்ஞானியின் கணிப்பை எடிங்டன் உள்ளிட்ட ஆங்கிலேயர்கள் சூரிய கிரகணத்தில் சோதித்து உறுதிப்படுத்திய செய்தி மக்கள் மனத்தை எப்படித் தொட்டது என்று விளக்கியிருக்கிறார். அறிவியல் வரலாற்றை உண்டாக்கியவர்களே அதைப் பற்றிப் பேசுவதை, ஒரு கோப்பை காபியோடு இளைஞர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்க முடிந்தது. வேறு எந்த ஏற்பாடு அதைத் தரும்?

ஆனால் அடுத்த காட்சியும் அதே கூடத்தில்தான். வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்ற தம் முடிவைச் சந்திரசேகர் 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் படிக்க வேண்டும். அந்த ஆய்வு வளர்ந்ததை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் எடிங்டன். அவரும் அன்று பேசப்போகிறார் என்பது சந்திரசேகருக்கு முந்தைய நாள்தான் தெரியவந்தது. அன்றிரவு இருவரும் கல்லூரியில் சாப்பிட்டார்கள். விருந்துக்குப் பின் காபி குடிக்கும் அறையில் எடிங்டன் அவரிடம் வந்து, உங்கள் கட்டுரை நீளமாயிற்றே, வழக்கமான கால் மணிக்குப் பதிலாக அரை மணி நேரம் தரும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். தாம் என்ன பேசப்போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் சந்திரசேகர் பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று பேசி, அவை முழுவதையும் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். சந்திரசேகரின் கணக்குச் சரி என்பதைக் காலம் நிறுவியது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டி டிரினிட்டியில் அவரைப் பற்றி உரையாற்றியவரும் சந்திரசேகரே. அவருடைய பெருந்தன்மை வேறு விஷயம். ஒரே மேசை இருவரையும் சமமாக்கிவிடவில்லை என்பதைத்தான் நான் இங்கே பார்க்கிறேன். அதைப் பேராசிரியர்களிடம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் வரும். சக மாணவர்களிடம் எதிர்பார்க்கலாம்.

இப்போது சைவம். இதிலும் ஒரு பெரிய பெயர் வந்துவிடுகிறது. 1914 ஏப்ரலில் டிரினிட்டிக்கு வந்த ராமானுஜன் கல்லூரிக் கூடத்தில் சாப்பிட்டதில்லை. ஆசாரமான சைவ உணவுக்காரர், கல்லூரிச் சமையலறையை நம்பி எதையும் உண்ண முடியாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஆகஸ்டில் போர் வந்து பொருள்களும் அரிதாயின. மற்றவர்கள் ஒன்றுகூடும் மாலை நேரத்தில் அவர் அடுப்பு முன் தனியாக இருந்தார். அவருக்கு உடல்நலம் கெட்டதைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். கூடச் சாப்பிட ஆள் இல்லாமல் போனதை அதே அளவு கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். விருந்தோம்பலில் அவருக்கு எவ்வளவு ஆசை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் அழைத்துத் தம் கையால் ரசம் வைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை ஊற்றப் போனபோது பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. சில நாள் கழித்து, ஐந்து பவுண்டு அனுப்பும்படி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது. நான் பரிமாறியதை வேண்டாம் என்றது மனத்தைப் புண்படுத்திவிட்டது என்று பிறகு சொன்னாராம்.

உங்களுக்கு அந்த நிலை இல்லை. பதிவு செய்யும்போதே சைவம், வீகன், ஹலால் என்று குறிப்பிட இடம் இருக்கும். முட்டை வேண்டாம் என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். அங்கே சைவம் என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்ந்ததுதான். இனிப்பில் ஜெலட்டின் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளலாம். காளான் ரிசோட்டோ அடிக்கடி வரும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மதுவைப் பொறுத்தவரை காந்தியின் அனுபவம் உங்களுக்குப் பிடிக்கும். லண்டனில் வழக்கறிஞர் ஆவதற்கு 1888இல் அவர் சேர்ந்தது இன்னர் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தில். அது பல்கலைக்கழகம் இல்லையென்றாலும் அங்கும் இதே வழக்கம்தான். ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஆறு விருந்துகளில் கலந்துகொண்டால்தான் அந்தப் பருவம் கணக்கில் சேரும். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் என்பது அளவு. குடிக்காத காந்தியைத் தங்கள் நால்வர் குழுவில் சேர்த்துக்கொள்ள மற்ற மாணவர்கள் போட்டியிட்டார்கள் என்று அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று சமாளித்தவர், பிறகு இன்னொரு சைவ மாணவரோடு சேர்ந்து விண்ணப்பித்துத் தனிச் சைவ உணவைக் கேட்டு வாங்கினார். கேட்டால் கிடைக்கும். இன்று பல கல்லூரிகளில் ஒயினை மாணவர்களே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வேண்டாதவருக்கு அந்தச் செலவும் இல்லை. ஒருவர் கோப்பையில் காசைப் போட்டால் அவர் ஒரே மூச்சில் குடித்தாக வேண்டும் என்று ஒரு விளையாட்டு உண்டு, ‘பென்னியிங்’ என்பார்கள். பல கல்லூரிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. யாராவது ஆரம்பித்தால் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். தயங்க வேண்டியதே இல்லை.

பணம், மேல்தட்டு என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். மேசையை மேடைமேல் தூக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் சாப்பிடுவதுதான் நோக்கம் என்றால், நடுவில் எதற்கு ஒரு படி? இதைக் கல்லூரிகளே சிந்தித்திருக்கின்றன. 1960களில் முதுநிலை மாணவர்களை மனத்தில் வைத்து வந்த டார்வின், வுல்ஃப்சன், கிளேர் ஹால் ஆகிய கல்லூரிகளில் ஹை டேபிளே கிடையாது. ஃபெல்லோவும் முதலாண்டு மாணவரும் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காருவார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் வுல்ஃப்சன் கல்லூரியிலும் அப்படித்தான். உங்கள் கல்லூரி பழையதாக இருந்தால், இந்தக் கல்லூரிகளில் ஒன்றில் இருக்கும் நண்பர் மூலம் விருந்தாளியாக ஒரு முறை போய் வாருங்கள். இந்த மாற்று அழைப்பை ‘ஸ்வாப்’ என்பார்கள், மிகச் சாதாரணம். இரண்டையும் பார்த்தபின் நீங்களே தீர்மானிக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, இதே மூன்று சுற்றுச் சாப்பாட்டுக்கு நகரத்து உணவகத்தில் ஆவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே ஆகும். வாரா வாரம் போனால் உதவித்தொகை தாங்காது. புதுமாணவர் வரவேற்பு விருந்துக்குக் கட்டாயம் போங்கள்; பிறகு பருவத்துக்கு இரண்டு மூன்று போதும். டிசம்பர் தொடக்கத்திலேயே பருவம் முடிந்துவிடுவதால் நவம்பர் 25ஐ ஒட்டியே கிறிஸ்துமஸ் விருந்தை நடத்திவிடுவார்கள், பெயர் ‘பிரிட்ஜ்மஸ்’. அதற்கு இடங்கள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு திறக்கும் நாளை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அங்கியைப் புதிதாக வாங்காதீர்கள். கல்லூரியின் முதுநிலை மாணவர் மன்றத்தில் பழைய அங்கி விலைக்கோ இரவலுக்கோ கிடைக்கும். சில கல்லூரிகளில் விருந்துக்கு அங்கியே தேவையில்லை. அதையும் முதலில் விசாரியுங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வருபவர் என்பதால், வயது 24க்குக் கீழே என்றால் ‘பி.ஏ. ஸ்டேட்டஸ்’ அங்கி, 24 நிறைந்திருந்தால் ‘எம்.ஏ. ஸ்டேட்டஸ்’ அங்கி. கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளின் அங்கியில் முன்னால் தொங்கும் நாடாக்கள் இதில் வெளியே தெரியக் கூடாது. உள்ளே புடவையும் கட்டலாம். சொந்த நாட்டு விருந்துடையைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். முந்தானையைத் தோளில் நன்றாகக் குத்திக்கொள்ளுங்கள், அங்கி அதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். தோழிகளோடு கூட்டமாகப் போய் ஒரே வரிசையைப் பிடித்து உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால் விடுதி அறையில் சாப்பிட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. தட்டு வைக்கிறவர்களிடம் பெயர் கேட்டுப் பேசுங்கள். அவர்களில் சிலர் பல வருடங்களாக அதே கூடத்தில் வேலை செய்கிறவர்கள். எந்த ஃபெல்லோ எந்த நாற்காலியை விரும்புவார், எந்த நாள் சமையல் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் சைவத் தட்டு தவறாமல் வந்து சேர்வதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

விருந்தாளியை அழைத்துவரப் பெரும்பாலான கல்லூரிகள் அனுமதிக்கின்றன. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்தால் அவர்களுக்கும் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு அங்கி தேவையில்லை.